ஆசிரியர்கள், ஆராய்ச்சி, வாட்ஸ்அப் பார்வேர்டு: வடசென்னை ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் பாடம் நடத்தும் சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்டவை இவை. சிலவற்றைப் பெற்றோர் கேட்டார்கள். நானும் இதே பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆசிரியர்களுக்கு ஆராய்ச்சி என்றாலே ஆகாது என்கிறார்களே, உண்மையா?

நான் பார்த்தவரை இல்லை. ஆராய்ச்சி மேல் வெறுப்பு யாருக்கும் கிடையாது, அது நம்மிடம் வந்து சேரும் விதம்தான் சரியில்லை. யோசித்துப் பாருங்கள், நமக்குத் தெரிந்த ஆராய்ச்சி என்ன? எம்.பில். முடித்தால் ஊக்க ஊதியம் என்று இருந்த காலத்தில் பைண்டிங் பண்ணிக் கொடுத்த ஆய்வேடு. அப்புறம் பயிற்சியில் காட்டும் ஸ்லைடில் "ஆய்வுகள் கூறுகின்றன" என்று ஒற்றை வரி; எந்த ஆய்வு, யார் செய்தது, எந்த வயதுப் பிள்ளைகளிடம் செய்தது என்று எதுவும் இருக்காது. கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் நாள் தவறாமல் தகவல் ஏற்றுகிறோம், ஆனால் அந்தத் தகவலிலிருந்து என்ன தெரியவந்தது என்று நம் வகுப்பறைக்குத் திரும்பி வந்து சொன்னவர் யாரும் இல்லை.

2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. பிள்ளைகள் அட்டைகளை எடுத்து ஏணிப்படியாகத் தாங்களே கற்கும் முறை அது; சில வருடங்களில் மாநிலம் முழுக்கப் பரவியது. 2022ல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. முந்தையதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை, எந்த ஆதாரத்தை வைத்து மாற்றினார்கள் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஆசிரியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அது அவர்கள் குற்றம் இல்லை. காரணம் சொல்லாமல் ஆணை மட்டும் வந்தால், நல்ல ஆராய்ச்சியில் பிறந்த திட்டமும் இன்னொரு சர்க்குலராகத்தான் கண்ணுக்குத் தெரியும்.

அப்படிச் சந்தேகப்படுகிறவர்கள் பார்வேர்டை மட்டும் ஏன் உடனே நம்புகிறார்கள்?

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும் பழக்கத்தை நமக்கு யாரும் பழக்கவில்லை. பயிற்சியில் அப்படிக் கேட்டால் கூட்டத்தை இழுத்தடிக்கிறார் என்று பேர் வரும். கேட்காமலே ஏற்றுக்கொள்வதும் கேட்காமலே ஒதுக்குவதும் அப்படியே பழகிவிட்டது. அதன் பிறகு முடிவு செய்வது சொல்லும் ஆள்தான். சர்க்குலர் முகம் தெரியாத ஆபீசிலிருந்து வருகிறது, பார்வேர்டு நமக்குப் பிடித்த சீனியர் டீச்சரிடமிருந்து வருகிறது. மனசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் தேசிய கீதத்தை யுனெஸ்கோ உலகத்திலேயே சிறந்ததென்று அறிவித்துவிட்டது என்ற செய்தி வருடா வருடம் ஆகஸ்ட் மாதம் ஸ்டாஃப் குரூப்பில் வருகிறது. யுனெஸ்கோ அப்படி எதுவும் அறிவிக்கவில்லை. அனுப்புகிறவர் அன்போடுதான் அனுப்புகிறார், அதனாலேயே யாரும் கேள்வி கேட்பதில்லை.

சில பிள்ளைகள் கண்ணால் படிப்பார்கள், சிலர் காதால், சிலர் கையால் செய்து. பி.எட்.டிலேயே படித்தோமே, அதுவும் தப்பா?

இதைச் சொன்னால்தான் நிறையப் பேருக்குக் கோபம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு விருப்பம் இருக்கிறது, அது உண்மை. ஒருத்திக்குப் படம் பார்க்கப் பிடிக்கும், ஒருவனுக்குக் கதை கேட்கப் பிடிக்கும். ஆனால் "இவன் கண்ணால் கற்பவன், இவனுக்குப் படமாகவே நடத்தினால் அதிகம் கற்பான்" என்பது வேறு விஷயம், அதற்குச் சோதனை வேண்டும். என்ன மாதிரிச் சோதனை? கண் வகை என்று குறித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் படமாகவும் மீதிப் பேருக்குப் பேச்சாகவும் நடத்த வேண்டும், காது வகைப் பிள்ளைகளுக்கும் அதே மாதிரி. கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. கண் வகைக்குப் படத்திலும் காது வகைக்குப் பேச்சிலும் மதிப்பெண் கூடினால்தான் இந்தக் கொள்கை நிற்கும். 2008ல் ஹரால்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். இப்படிச் சரியாகச் சோதித்த ஆய்வுகளே மிகக் குறைவு, சோதித்தவற்றில் சில இந்தக் கொள்கைக்கு நேர் எதிராக வந்திருந்தன, பள்ளிகளில் இதைப் பயன்படுத்தும் அளவுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள்.

இதை நம்புகிறவர்கள் நாம் மட்டும் இல்லை. 2012ல் வெளியான ஓர் ஆய்வில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் 242 ஆசிரியர்களிடம் மூளை பற்றிய கூற்றுகளைக் கொடுத்து எது சரி, எது தப்பு என்று கேட்டார்கள். தப்பான கூற்றுகளில் ஏறக்குறைய பாதியை அவர்கள் சரி என்றார்கள். இந்தக் கண், காது, கை விஷயத்தை நம்பியவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். மூளையைப் பற்றிப் பொதுவாக அதிகம் தெரிந்து வைத்திருந்தவர்கள் கட்டுக்கதையையும் அதிகமாகவே நம்பினார்கள் என்பதுதான் என்னை உலுக்கிய விஷயம். ஆர்வமாகத் தேடிப் படிக்கிறவருக்கு நல்லதும் கெட்டதும் ஒரே பைக்குள் வந்து விழுகிறது.

நடைமுறையில் இதனால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். "நான் காது வகை மிஸ், எனக்கு வாசிக்க வராது" என்று ஒரு பிள்ளை தன்னைத்தானே முடிவு கட்டிக்கொண்டால், வாசிப்பில் இன்னும் கொஞ்சம் உதவி கொடுத்திருக்க வேண்டிய பிள்ளையை நாமே கைவிட்டோம் என்று அர்த்தம். படம், பேச்சு, செய்முறை மூன்றையும் எல்லோருக்கும் கொடுங்கள். எதை எப்போது கொடுப்பது என்பதைப் பாடம் முடிவு செய்யட்டும். வரைபடப் பாடத்தை யாருக்கும் வாயால் மட்டும் நடத்த முடியாது இல்லையா.

வாசித்தால் 10 சதவீதம், கேட்டால் 20 சதவீதம், பிறருக்குக் கற்பித்தால் 90 சதவீதம் நினைவில் நிற்கும் என்ற முக்கோணப் படம்?

எண்களைப் பாருங்கள். எல்லாம் பத்தின் மடங்காகவே இருக்கிறது. மனிதர்களை வைத்து அளந்தால் இவ்வளவு சுத்தமாக எண் வராது. அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946ல் அனுபவக் கூம்பு என்று ஒரு படம் போட்டார், அதில் சதவீதமே கிடையாது. எண்களைப் பின்னால் வேறு யாரோ ஒட்டினார்கள். பயிற்சி அரங்கில் இந்தப் படம் வரும்போது "சார், இது எந்த ஆய்வு?" என்று மரியாதையாக ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

பேனரில் வரும் நடுமூளைத் தூண்டல், விரல்ரேகை வைத்துப் பிள்ளையின் திறமை சொல்வது, இதெல்லாம்?

பணம் கட்டாதீர்கள். பெற்றோர் கேட்டால் கூச்சப்படாமல் இதே வார்த்தையைச் சொல்லுங்கள். நடுமூளையைத் தூண்டிவிட்டோம், கண்ணைக் கட்டினாலும் புத்தகம் படிக்கிறது என்று அவர்கள் காட்டும் பிள்ளை மூக்கோரம் இருக்கும் இடைவெளி வழியாகப் பார்க்கிறது. அந்த இடைவெளியை நன்றாக அடைத்தால் வித்தை நின்றுவிடும். விரல்ரேகை கருவிலேயே உருவாகிவிடுகிறது, அதை வைத்துப் பிள்ளை என்ஜினீயரா பாடகரா என்று சொல்ல எந்த அறிவியலும் இல்லை. எம்.சி. ரோட்டுக் கடையில் நாள் முழுக்க நின்று சம்பாதிக்கும் அம்மா, பிள்ளைக்கு நல்லது என்று நம்பி ஆயிரக்கணக்கில் கட்டுகிறார். நம் பள்ளி வளாகத்துக்குள் இவர்களை டெமோ செய்ய விட்டால் அந்த அம்மாவிடம் இவர்களுக்காக நாமே ஜாமீன் கையெழுத்துப் போட்ட மாதிரி. எச்.எம். அனுமதி கொடுப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.

இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் கதையும் இதே ரகம். 2013ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேனைப் பார்த்து, அப்படி ஆளுக்கு ஒரு பக்கம் ஓங்கியிருப்பதற்கு அடையாளம் இல்லை என்றார்கள்.

எல்லாம் பொய் என்றால் எதைத்தான் நம்புவது?

எல்லாம் பொய் இல்லை. உருப்படியான விஷயங்கள் இருக்கின்றன, பைசா செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியவை.

2006ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை புத்தகத்தைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் மேலே; அவர்கள் 83 சதவீதம், மற்றவர்கள் 71 சதவீதம். ஒரு வாரம் கழித்து வைத்தால் அப்படியே தலைகீழ். படித்தவர்கள் 40 சதவீதம், நினைவுபடுத்தி எழுதியவர்கள் 61 சதவீதம்.

இந்த ஐந்து நிமிடத்துக்கும் ஒரு வாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். ராத்திரி நான்கு தடவை படித்ததும் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், பரீட்சை ஹாலில் காணாமல் போயிருக்கும். அதனால் வகுப்பு தொடங்கியதும் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, போன வாரப் பாடத்திலிருந்து மூன்று கேள்வி கேளுங்கள். ரஃப் நோட்டில் எழுதட்டும், மதிப்பெண் வேண்டாம், திருத்தவும் வேண்டாம், அவர்களே புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கட்டும். 45 பேர் இருக்கும் வகுப்பில்கூட இது ஐந்து நிமிட வேலை. ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காருவதை விட நாள் விட்டு நாள் பிரித்துப் படிப்பது நிற்கும் என்பதும் பல தடவை சோதித்த விஷயம். பேப்பர் முழுக்க ஹைலைட்டர் போடுவதால் பெரிய பலன் இல்லை என்று 2013ல் டன்லோஸ்கி என்ற உளவியலாளரின் குழு பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டு எழுதியது.

வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்களிடம் செய்தது வியாசர்பாடிப் பிள்ளைக்குப் பொருந்துமா?

மிக நல்ல கேள்வி. இதைக் கேட்கிறவரை "ஆராய்ச்சிக்கு எதிரானவர்" என்று ஓரம் கட்டுவதுதான் தப்பு. ராத்திரி காசிமேட்டில் மீன் இறக்கிவிட்டு வந்து முதல் பீரியடில் தூங்கும் பையனுக்கு எந்தப் படிப்பு முறையையும் விட முதலில் தூக்கம் வேண்டும், அதை எந்த ஆய்வும் மறுக்காது.

நம் மண்ணிலேயே செய்த ஆய்வும் இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து அளந்தார்கள் அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும். இழப்பு பெரியது, கணக்கில் இன்னும் பெரியது. ஆனால் பள்ளி திறந்து ஆறே மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள், அந்த மீட்பில் சுமார் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். தெருவில் சாயங்காலம் பாய் விரித்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களின் உழைப்புக்கு இப்படி ஓர் ஆதாரம் கிடைத்தது. "கொரோனா தலைமுறை அவ்வளவுதான்" என்று பேசிக்கொண்டிருந்த நாம் எல்லோரும் இந்த முடிவைப் படித்திருக்க வேண்டும். எத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்தது?

அது கிராமப்புற ஆய்வு என்பதையும் மறக்கக் கூடாது. கொடுங்கையூருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். பொருந்துகிறதா என்று பார்க்கத் தூண்டும், அதுவே போதும்.

2017 தடுப்பூசி விஷயத்தில் நம் பள்ளிகளில் என்ன நடந்தது?

புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரை, பெரும்பாலும் பள்ளியில் வைத்தே போட்டார்கள். அதே நேரம் வாட்ஸ்அப்பில் ஆடியோ கிளம்பியது. ஆட்டிசம் வரும், குழந்தை பிறக்காது, ஏழைப் பிள்ளைகளை வைத்துச் சோதனை பண்ணுகிறார்கள் என்றெல்லாம். பெற்றோர் கேட்டில் வந்து நின்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முகாம் நாட்களையே நீட்டிக்க வேண்டி வந்தது.

ஆட்டிசக் கதைக்கு மூலம் 1998ல் பிரிட்டன் டாக்டர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் லான்செட் மருத்துவ இதழில் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை. 2010ல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவ உரிமமும் பறிபோனது. இந்தத் தகவல் முகாமுக்கு முன்னால் ஆசிரியர்கள் கையில் இருந்திருக்க வேண்டும். நமக்கு வந்தது எத்தனை பேருக்குப் போட வேண்டும் என்ற பட்டியல்தான்.

பெற்றோர் டாக்டரிடம் போய்க் கேட்கவில்லை, "மிஸ், போடலாமா?" என்று நம்மிடம்தான் கேட்டார்கள். "கவர்மென்ட் சொல்லுது, போட்டுக்கோங்க" என்று சொன்ன இடத்தில் சந்தேகம் கூடியது. "என் பொண்ணுக்கும் இதே ஊசிதான் போட்டிருக்கேன், கர்ப்பத்துல ரூபெல்லா வந்தா பிறக்கிற குழந்தைக்குக் கண்ணு, காது, இதயம் எல்லாம் பாதிக்கும், அதுக்குத்தான் இது" என்று உட்காரவைத்துப் பேசிய இடத்தில் கையெழுத்து வாங்க முடிந்தது. நம் சொல்லுக்கு இந்தத் தெருக்களில் அவ்வளவு மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பு இருக்கும்வரை, சரிபார்க்காமல் நாம் எதையும் சொல்லக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

வதந்தியால் அவ்வளவு கெடுதலா? ஒரு பார்வேர்டுதானே?

2018 மே மாதம், குழந்தை கடத்தல் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பி, எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள்.

நன்றாகப் படித்தவர்கள் இதில் ஏமாற மாட்டார்கள்தானே?

ஏமாறுவார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்றுப் பேராசிரியர்கள், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், தொழில்முறை தகவல் சரிபார்ப்பவர்கள் மூன்று தரப்பையும் உட்காரவைத்து இணையப் பக்கங்களை மதிப்பிடச் சொன்னார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழ் வரை வாசித்து, அழகான லோகோவையும் முகவரியையும் பார்த்து நம்பினார்கள். சரிபார்ப்பவர்கள் சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். பதிலும் சீக்கிரம் கிடைத்தது, சரியாகவும் இருந்தது. பிள்ளைகளுக்கு இந்த ஒரு பழக்கம் வந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

சீனியர் டீச்சரோ எச்.எம்.மோ குரூப்பில் பொய்ச் செய்தி போட்டால் என்ன செய்வது?

குரூப்பில் வைத்துத் திருத்தாதீர்கள். தனியாக அனுப்புங்கள்: "சார், இந்தப் படம் பழசு போலிருக்கு, இங்கே பாருங்க." பெரும்பாலும் அவரே எடுத்துவிடுவார். பெருமழை நாளில் கலெக்டர் கையெழுத்தோடு வரும் போலி விடுமுறை அறிவிப்புக்கு மட்டும் இந்தப் பொறுமை வேண்டாம். பிள்ளைகள் பஸ் ஏறுவதற்குள் குரூப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

அரசு சொல்வதே சரியான தகவல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாமா?

வடசென்னையில் அப்படிச் சொன்னால் பிள்ளைகள் நம்மை நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்தது. எங்கிருந்து வந்தது என்று மீனவர்கள் முதல் நாளிலிருந்தே கை காட்டினார்கள். முதலில் மறுப்பு வந்தது, பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பக்கம் கை காட்டியது. அதே மாதம் எண்ணூர் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்தபோது ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தது வதந்தியால் இல்லை, மூச்சு முட்டியதால்.

எனவே "அதிகாரப்பூர்வமா இல்லையா" என்பதைக் கடைசி அளவுகோலாக வைக்காதீர்கள். யார் நேரில் பார்த்தது, யார் அளந்தது, அளந்த எண்ணை மற்றவர்கள் பார்க்க முடியுமா என்று கேட்கப் பழக்குங்கள். மணலியில் காற்றுத் தர அளவீட்டு நிலையம் இருக்கிறது, அதன் எண்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளையே பார்த்துக் குறிக்கலாம். தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கம் ஒருங்கிணைக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு இந்த மாதிரி ஆய்வுகளைத்தான் அனுப்ப வேண்டும் என்பது என் ஆசை.

பிரேயரில் ஒரு நாள் போலிச் செய்தி பற்றிப் பேசினால் போதுமா?

போதாது, இதற்கும் ஆய்வு இருக்கிறது. 2019 தேர்தல் சமயத்தில் பீகாரில் சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர் 1,224 பேரை வைத்துச் செய்த சோதனையில், சுமார் ஒரு மணி நேரப் பயிற்சி மொத்தத்தில் பெரிய மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை. பின்னால் அதே பீகாரில் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பல வாரங்களில் பிரித்துப் பிரித்து வகுப்பு எடுத்தபோது நல்ல பலன் தெரிந்தது. வாரத்துக்கு ஒரு பார்வேர்டு, பத்து நிமிடம், வருடம் முழுக்க. என்னைக் கேட்டால் இதுதான் வழி.

சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஆய்வு எல்லாம் சொல்கிறதே?

சொல்லும். இல்லாத ஆய்வையும் பேர், வருடத்தோடு சொல்லும். தலைப்பைத் தனியாகத் தேடிப் பாருங்கள், கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

நாமே வகுப்பில் சின்னதாக ஆராய்ச்சி செய்யலாமா? செயல் ஆராய்ச்சி என்று ஃபைல் கேட்பார்களே?

ஃபைலுக்காகச் செய்தால் எல்லா ஆராய்ச்சியும் வெற்றியாகத்தான் முடியும், அதனால் யாருக்கும் பயனில்லை. உங்களுக்கு உண்மையிலேயே விடை தெரியாத கேள்வியை எடுங்கள். மூன்று கேள்வி முறையையே எடுத்துக்கொள்ளலாம். ஏ செக்ஷனில் ஒரு பாடத்துக்கு அந்த முறை, பி செக்ஷனில் வழக்கம்போல ரிவிஷன். எது மேலே வரும் என்று நினைக்கிறீர்கள் என்பதை முன்னாலேயே எழுதித் தேதி போட்டு வையுங்கள். இரண்டு வாரம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் இரண்டு செக்ஷனுக்கும் ஒரே தேர்வு. பேப்பரை முடிந்தால் வேறு டீச்சர் திருத்தட்டும். ஏ செக்ஷன் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற செக்ஷன் என்றால் இந்த ஒப்பீடு செல்லாது, ஆகவே அடுத்த பாடத்தில் முறையை மாற்றிப் போட்டு, பி செக்ஷனுக்கு மூன்று கேள்வி கொடுத்து மறுபடி பாருங்கள். பலன் இல்லை என்று வந்தாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாம் கூடும் சி.ஆர்.சி. கூட்டத்தில் அப்படியே சொல்லுங்கள். பக்கத்துப் பள்ளி டீச்சர் எழுந்து "எங்க கிளாஸில் வேற மாதிரி வந்துச்சே" என்று சொன்னால், எத்தனை பேர், எத்தனை நாள் கழித்து, என்ன கேள்வி கேட்டீர்கள் என்று விவரமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.